ஏச்சு ஓய்ந்த பிறகு எது மிஞ்சும்?



பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் எழுதும் இந்தப் பக்கத்தில், இம்மாதம் அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். "மௌலவிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கவும் கூடும். சிரித்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சில ஆசிரியர்கள் மாணவர்களை எப்படி உருவாக்கினார்கள், அந்த மாணவர்கள் அவர்களை விட்டுப் போன பிறகு என்ன ஆனார்கள் என்ற கதை இது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அதைவிட முக்கியமான கதை வேறில்லை.

என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் உம்மாமார் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஹஸரத், நல்லா ஏசிப் படிப்பிங்க, பயம் இருந்தாத்தான் இவன் படிப்பான்" என்பார் ஒருவர். "இவன்ட மனசு மெல்லிசு, சத்தம் போடாதீங்க" என்பார் இன்னொருவர். இருவரும் பிள்ளையின் நன்மையைத்தான் நாடுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. ஏசுவதற்கு ஆசிரியர் இல்லாத இடத்துக்குப் பிள்ளை ஒரு நாள் போவான். அன்று அவனிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் நல்ல இடம். கல்லூரி என்றதும் எங்கள் மத்திய கல்லூரிகளை நினைத்துவிடாதீர்கள். அங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகம். எங்கள் பெண் பிள்ளைகள் பாடசாலையில் விளையாடும் வலைப்பந்தாட்டத்துக்கு இந்த ஆட்டம் தூரத்து உறவு. இதில் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டே ஓடலாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அந்நாட்டில் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உயர்ந்த பிரிவில் விளையாடுகின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆடுகிறார்கள். ஆனால் என்.பீ.ஏ. என்னும் தொழில்முறைச் சங்கத்தின் 30 அணிகளும் சேர்ந்து வருடமொன்றுக்குத் தெரிவு செய்வது ஏறக்குறைய 60 பேரைத்தான். அந்த அறுபதிலும் வெளிநாட்டவர்களுக்குப் பங்குண்டு.

தெரிவானவன் போய்ச் சேரும் இடம் முற்றிலும் வேறானது. கல்லூரியில் ஒரு பருவத்துக்கு முப்பது சொச்சம் போட்டிகள், அங்கே 82. கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், அங்கே 48. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் 30 செக்கனுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. அதற்கு முன்னர் 35 செக்கன், அதற்கும் முன்னர் 45. தொழில்முறையிலோ 24 செக்கன்தான். ஊர் ஊராகப் பயணம் செய்து ஆடுவதால் அமைதியாகப் பயிற்சி செய்யும் நாட்களும் குறைவு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கல்லூரியில் 18 வயதுப் பிள்ளைக்கு முன்னால் பயிற்றுவிப்பாளர் ஓர் அரசர். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்பதெல்லாம் அவர் கையில். தொழில்முறை அணியில் வீரன் தன் பயிற்றுவிப்பாளரைவிட அதிகம் சம்பளம் வாங்குபவனாக இருக்கலாம். அங்கே சத்தம் போட்டு ஒருவனை நெடுநாள் ஆட்டிவைக்க முடியாது. அவனுக்குள் ஏற்கனவே பதிந்திருப்பதுதான் அவனை ஆட்டிவைக்கும்.

முதலில் ஜோன் வூடன் என்பவரைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1975 வரை பயிற்றுவித்தவர். அதற்கு முன்னர் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1964க்கும் 1975க்கும் இடைப்பட்ட 12 வருடங்களில் 10 தடவை தேசிய சம்பியன் பட்டத்தை அவருடைய மாணவர்கள் வென்றார்கள். பருவத்தின் முதல் நாளில் இவர் என்ன கற்பிப்பார் தெரியுமா? காலுறையை எப்படிச் சுருக்கமில்லாமல் அணிவது, சப்பாத்து நாடாவை எப்படி இறுகக் கட்டுவது என்பதைத்தான். நாடெங்கும் பெயர் பெற்ற வீரர்கள் சிறு பிள்ளைகள் போல் உட்கார்ந்து காலுறை போடப் பழகுவார்கள். காலுறை சுருங்கினால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட முடியாது. இதில் ஏசுவதற்கு என்ன இருக்கிறது? காரணத்தைச் சொல்லிச் செய்து காட்டினால் போதும்.

1974-75 பருவத்தில் ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவருடைய பயிற்சி நேரங்களில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகை பிரித்து எண்ணினார்கள். 2,326 கற்பித்தல் செயல்கள் பதிவாயின. அவற்றில் ஏறக்குறைய 75 வீதம் வெறும் தகவல்: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பவை. பாராட்டு 7 வீதமளவில். அதிருப்தியும் கிட்டத்தட்ட அதே அளவு. பிழை கண்டால் நிறுத்துவார். சரியான முறையைச் செய்து காட்டுவார். மாணவன் செய்த பிழையையும் செய்து காட்டுவார். மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். சில செக்கன்களில் முடிந்துவிடும். பிரசங்கம் கிடையாது.

சகோதரிகளே, அடுப்படியில் நின்றுகொண்டு மகளுக்கு நாம் சொல்வதை யாராவது இப்படி எண்ணினால் கணக்கு எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். "எத்தனை தரம் சொல்றது?", "உனக்கு மூளை இல்லையா?" என்பவற்றில் தகவல் ஏதும் இல்லை. "அரிசியை மூன்று தண்ணீர் கழுவு, கடைசித் தண்ணீர் தெளிவா இருக்கணும்" என்பதில் இருக்கிறது.

வூடனிடம் 1965இல் நியூயோர்க்கிலிருந்து ஏழடிக்கு மேல் உயரமான ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் லூ அல்சின்டர். அந்நாளைய விதிப்படி முதலாம் வருட மாணவர்கள் பெரிய அணியில் ஆட முடியாது. அதன் பின்னர் ஆடிய மூன்று வருடங்களில் அவருடைய அணி 88 போட்டிகளில் வென்றது. தோற்றது இரண்டே இரண்டில். 1967இல் பந்தை மேலிருந்து கூடைக்குள் அமுக்கிப் போடுவதைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். அவரைக் குறிவைத்த விதி என்றே பலர் பேசினார்கள். அமுக்கிப் போடுவதை மட்டும் நம்பியிருந்த மாணவனாக இருந்தால் அத்தோடு சோர்ந்திருப்பான். அவரோ, ஒற்றைக் கையால் தலைக்கு மேலே வளைத்துப் போடும் எறிதலை இன்னும் மெருகூட்டினார்.

அந்த எறிதலோடுதான் 1969இல் தொழில்முறைக்குப் போனார்; 20 பருவங்கள் ஆடினார்; 42 வயதில், 1989இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 38,387 புள்ளிகள் இருந்தன. 2023 வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. கல்லூரி நாட்களிலேயே இஸ்லாத்தைத் தழுவிய அவரை 1971 முதல் உலகம் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியும். வூடன் கிறிஸ்தவ மார்க்கத்தில் உறுதியானவர். ஆயினும் இருவரின் நட்பு, 2010இல் 99 வயதில் ஆசிரியர் இறக்கும் வரை நீடித்தது. மாணவர் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1971 முதல் 2000 வரை இருந்தவர் பொப் நைட். மூன்று தேசிய பட்டங்கள் பெற்றவர். 1976இல் அவருடைய அணி 32 போட்டிகளில் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் அவருடைய கோபமும் உலகறிந்தது. 1985இல் ஒரு போட்டியின் நடுவே நாற்காலியைத் தூக்கி மைதானத்தில் எறிந்தார். 1997இல் பயிற்சியின்போது ஒரு மாணவனின் கழுத்தில் கைவைத்த காட்சி 2000இல் தொலைக்காட்சியில் வெளியானது. அவ்வருடம் செப்டம்பரில் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

இவரைக் காட்டி இரண்டு பக்கமும் வாதாடலாம். "பார்த்தீர்களா, கடுமைதான் வெற்றி தரும்" என்று ஒருவர் சொல்லலாம். 1976 அணியில் முதலில் இறங்கிய ஐந்து பேருமே பிற்பாடு என்.பீ.ஏ.யில் ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கொண்டு போனது எதை என்று பார்க்க வேண்டும். நைட் கற்பித்த ஆட்டத்தில் முன்கூட்டி எழுதி வைத்த நகர்வுகள் குறைவு. எதிராளி எங்கே நிற்கிறான் என்று பார்த்து ஒவ்வொருவனும் தானே முடிவெடுத்து நகர வேண்டும். பார்க்கவும் சிந்திக்கவும் பழக்கினார். அதனால்தான் அவருடைய மாணவர்களில் ஐசையா தோமஸ், மைக் வூட்சன், ரெண்டி விட்மன் போன்றோர் பிற்காலத்தில் தாங்களே என்.பீ.ஏ. அணிகளுக்குப் பயிற்றுவிப்பாளர்கள் ஆனார்கள். ஐசையா தோமஸ் இரண்டே வருடங்கள் அவரிடம் இருந்து, 1981இல் பட்டம் வென்ற கையோடு தொழில்முறைக்குப் போய்விட்டார். 1989இலும் 1990இலும் டிட்ரொயிட் அணியைச் சம்பியன் ஆக்கினார்.

நைட்டின் அறிவு மாணவர்களோடு போனது. அவருடைய நாற்காலி அவரோடு நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கெட்டிக்கார ஆசிரியர் ஒருவர் கோபக்காரராகவும் இருந்தால், அவருடைய கெட்டித்தனத்தை விட்டுவிட்டுக் கோபத்தைக் காப்பியடிக்கிறார்கள். கோபம் காப்பியடிக்க இலேசானது. அறிவுக்கு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? இதற்குப் பதிலாக ஒரு பெண்மணியைக் காட்டுகிறேன். டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியை 1974 முதல் 2012 வரை பயிற்றுவித்த பெட் சமிட், 1,098 போட்டிகளில் வென்றவர். எட்டுத் தேசிய பட்டங்கள் பெற்றவர். அவர் முறைத்துப் பார்த்தால் மாணவிகள் நடுங்குவார்கள். கண்டிப்பில் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் தம்மிடம் முழுக் காலமும் ஆடி முடித்த மாணவிகள் எல்லோரும் பட்டம் பெற்றே வெளியேறினார்கள் என்பது அவருக்கிருந்த பெருமை.

அவரிடம் வந்தவர்களில் ஒருவர் டமிக்கா கெச்சிங்ஸ். பிறப்பிலேயே செவிப்புலன் குறைபாடு உள்ளவர். சிறு வயதில் மற்றப் பிள்ளைகளின் கேலி தாங்காமல் செவிப்புலன் கருவியைக் கழற்றி வீசிவிட்டு, உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டே வளர்ந்தார். பல்கலைக்கழகத்தில் சமிட் அவரை அழைத்துப் பேசி, மறுபடி கருவியை அணியவும் பேச்சுப் பயிற்சி பெறவும் சம்மதிக்க வைத்தார். பந்து எறிவதற்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை மைதானத்துக்கு வெளியேயும் வாழ வேண்டும் என்று ஆசிரியை நினைத்தார். கெச்சிங்ஸ் 2002இல் தொழில்முறையில் ஆடத் தொடங்கி, அவ்வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். 2012இல் தன் அணியைச் சம்பியன் ஆக்கினார். நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றார். ஆசிரியை தன் நன்மைக்காகவே கண்டிக்கிறார் என்று மாணவிக்குத் தெரிந்தால், கண்டிப்பு காயமாக மாறாது.

இன்னொரு விதமான ஆசிரியரும் உண்டு: தன்னிடம் இல்லாததை ஒளிக்காதவர். ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கை லூயிஸ் அப்படிப்பட்டவர். 1980இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரிலிருந்து ஹக்கீம் ஒலாஜுவன் என்ற முஸ்லிம் இளைஞர் அவரிடம் வந்தார். உதைப்பந்தும் கைப்பந்தும் ஆடி வளர்ந்தவர், கூடைப்பந்துக்குப் புதியவர். லூயிஸ் முதலாம் வருடம் அவரைப் போட்டிகளில் இறக்கவில்லை. பிறகு, அதே நகரில் இருந்த தொழில்முறை வீரர் மோசஸ் மலோனோடு கோடை விடுமுறையில் விளையாடிப் பழகும்படி சொன்னார். அக்காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் மலோன். பலசாலியான அவரோடு மோதி மோதி, ஹக்கீம் கற்றதற்கு அளவில்லை. "என் மாணவன் என்னிடமே எல்லாம் கற்க வேண்டும்" என்று லூயிஸ் பிடித்து வைக்கவில்லை. ஒரு துறையில் தன்னைவிடத் தேர்ந்த உஸ்தாதிடம் மாணவனை அனுப்பி வைக்கும் பண்பை நாங்கள் அரபு மத்ரஸாக்களில் மதிக்கிறோம் அல்லவா? அதே பண்புதான் இது.

ஹக்கீம் 1984இல் முதலாவதாகத் தெரிவானார். 1994, 1995 ஆகிய இரு வருடங்களிலும் ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி சம்பியன் ஆனது. 1995 பெப்ரவரியில் ரமழான் வந்தது. நோன்பு பிடித்துக்கொண்டே ஆடிய அவர், அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். நோன்பு பிடிக்கும்படி அங்கே அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கண்காணிக்கவும் இல்லை. உள்ளே பதிந்தது வெளியே வந்தது.

எங்கள் வீடுகளில் கூடப் பெயர் தெரிந்த மைக்கல் ஜோர்தானின் ஆசிரியர் டீன் ஸ்மித், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை இருந்தவர். புள்ளி பெற்றவன், தனக்குப் பந்தைத் தந்தவனை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் வழக்கமாக்கிய முறை. பாராட்டு தனக்கு மட்டும் உரியதல்ல என்பதை ஆயிரம் முறை கையால் செய்தால் அது மனதிலும் பதிந்துவிடும். அவரிடம் ஜோர்தான் மூன்று வருடங்களில் ஒரு போட்டிக்குச் சராசரியாகப் பெற்றது 17.7 புள்ளிகள். தொழில்முறைக்குப் போன முதல் வருடத்திலேயே 28.2. "ஜோர்தானை 20 புள்ளிக்குக் கீழே அடக்கி வைத்த ஒரே ஆள் டீன் ஸ்மித்தான்" என்று ஒரு பகிடியும் உண்டு.

அடக்கி வைத்தாரா, ஆக்கி வைத்தாரா? அந்த மூன்று வருடங்களில் ஜோர்தான் காவல் காக்கவும், பந்தைப் பகிரவும், சரியான எறிதலுக்குக் காத்திருக்கவும் பழகினார். 1988இல் என்.பீ.ஏ.யின் சிறந்த காவல் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. 1984இல் இன்னும் ஒரு வருடம் மீதமிருக்க, தொழில்முறைக்குப் போகும்படி ஊக்கமளித்தவரும் ஸ்மித்தே. தன் அணிக்கு நட்டம் என்று தெரிந்தும் மாணவனின் நன்மையை முன்வைத்தார். ஜோர்தான் பிறகு கோடை வகுப்புகளுக்குப் போய் 1986இல் பட்டப்படிப்பையும் முடித்தார்.

இன்றைய நிலை வேறு. 2005இல் வந்த விதிப்படி, அமெரிக்க இளைஞன் 19 வயதாகி, உயர்பாடசாலையை விட்டு ஒரு வருடம் கழித்தே என்.பீ.ஏ. தெரிவுக்குப் போகலாம். அதனால் சிறந்த பிள்ளைகள் பலர் ஒரு வருடம் மட்டும் கல்லூரியில் தங்கிவிட்டுப் போகிறார்கள். 2009 முதல் 2024 வரை கென்டக்கியில் இருந்த ஜோன் கலிபாரி இந்த முறையைப் பகிரங்கமாகவே ஏற்று நடத்தியவர். 2010இல் அவருடைய மாணவர்கள் ஐந்து பேர் முதற்சுற்றிலேயே தெரிவானார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு விரைவில் சம்பளம் கிடைப்பது சிறிய விஷயமல்ல. குறையும் உண்டு: ஒரு வருடத்தில் எவ்வளவு பதிக்க முடியும்?

ஆனாலும் அங்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2014-15 பருவத்தில் டெவின் புக்கர் என்ற மாணவர் கென்டக்கியின் முதல் ஐவரில் கூட இல்லை. வெளியே உட்கார்ந்திருந்து, பிறகு இறங்கி, சராசரியாக 10 புள்ளிகள் எடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 2017 மார்ச்சில், 20 வயதில், ஒரே என்.பீ.ஏ. போட்டியில் 70 புள்ளிகள் எடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மகன் ஆறாம் இடத்துக்கு வந்தால் அழும் உம்மாமார் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். பாடசாலைக்கோ, மத்ரஸாவுக்கோ, டியூஷன் வகுப்புக்கோ பிள்ளையை அனுப்பும்போது ஆசிரியரின் சத்தத்தை மட்டும் அளக்காதீர்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வகுப்பு முடிந்து வந்த பிள்ளையிடம் "இன்று ஹஸரத் ஏசினாரா?" என்று கேட்காமல், "இன்று என்ன பிழை விட்டாய், அதை எப்படித் திருத்தச் சொன்னார்?" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரிந்தால் அங்கே கல்வி நடக்கிறது. ஏச்சு மட்டும் நினைவிருந்தால், போய்ப் பேசிப் பாருங்கள்.

இரண்டு, ஆசிரியர் வராத நாளில் பிள்ளை என்ன செய்கிறான் என்று பாருங்கள். கொப்பியைத் தானாக எடுக்கிறானா? அதுதான் உண்மையான பெறுபேறு. தவணைப் பரீட்சைப் புள்ளிகூட அதற்கு அடுத்ததுதான்.

மூன்று, தன்னால் முடியாததை "இதை இன்னாரிடம் கேள்" என்று சொல்லும் ஆசிரியரைத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். அவர் உங்கள் பிள்ளையின் நன்மையைத் தன் பெயருக்கு மேலே வைத்திருக்கிறார்.

டீன் ஸ்மித் 2015இல் இறந்தார். அவருடைய மரண சாசனத்தைத் திறந்தபோது, தன்னிடம் ஆடித் தேறிய ஏறக்குறைய 180 மாணவர்களுக்கும் ஆளுக்கு 200 டொலர் எழுதி வைத்திருந்தார். வெளியே போய் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடும்படி அன்பளிப்பு. கோடிகளில் புரளும் ஜோர்தானுக்கும் 200. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, பிறகு எங்கோ ஒரு சாதாரணத் தொழில் பார்த்தவருக்கும் 200. பெரும்பாலான மாணவர்கள் தொழில்முறைக்குப் போகவே மாட்டார்கள் என்பதை அந்த ஆசிரியர் நன்றாக அறிந்திருந்தார். அவர்களையும் ஒருவர் விடாமல் கணக்கில் வைத்திருந்தார்.

உங்கள் மகன் வகுப்பில் முதலாவதாக வராத பிள்ளையாக இருக்கலாம். அவனையும் பெயர் சொல்லி அழைத்து, அவனுடைய பிழையையும் பொறுமையாகத் திருத்தும் ஆசிரியர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், தூரமானாலும் அவரிடமே அனுப்புங்கள்.